ஷரோல்தா வரைந்த நாய்

கசாப்புக்கடைக்காரர் மகள் ஷரோல்தா முதன்முதலில் வரைந்தது, அப்பா கடைப் பலகையில் ஒரு பன்றித் தலை. அது சிரித்தது. வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். அப்பாவுக்குத்தான் கோபம். "வெட்டப்போற பன்னி எதுக்குடி பல்லை இளிக்குது?"

பிறகு ஹங்கேரித் தலைநகர் புதாபெஸ்டில், கம்யூனிஸ்ட் அரசாங்கத்தின் விளம்பர நிலையத்தில் வேலை. கடையில் சோப்புத்தூள் கிடைக்காது. அவள் வரைந்த பெட்டியில் நுரை பொங்கும். அந்தப் பொய்யில் அவளுக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அதே பெட்டிகளையும் மிளகாய்த்தூள் டப்பாக்களையும் சுவர் உயரத்துக்குப் பளீர் நிறத்தில் வரைந்தாள். 'பாப் ஆர்ட், மேற்கத்தியக் குப்பை' என்று ஒரு மேதாவி பத்திரிகையில் எழுதினார். "குப்பைன்னாலும் நம்ம ஊர்க் குப்பைதானே" என்றாள். இந்த வாய்க்காகவே பல வருஷம் அவளுக்குக் கண்காட்சி கிடைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் கிடைத்தது. அதில் பெரிய படம் ஒரு மீன் டப்பா. ஐந்து மீன்களுக்கும் மனித முகம். நடுவில் இருந்தது அவள் அண்ணன் லெஹெல். ஐம்பத்தாறில், மக்கள் கிளர்ச்சியை நசுக்கத் தெருவெல்லாம் ரஷ்ய டாங்கிகள் நின்றபோது, ரொட்டி வாங்கப் போனவன் திரும்பவில்லை. அவன் பெயரைச் சொல்லவே வீட்டில் பயம். ஒரு நாளாவது அந்த முகம் நாலு பேர் பார்க்கத் தொங்கவேண்டும், அம்மா அதைப் பார்க்கவேண்டும். ஷரோல்தாவுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அண்ணன் முகத்தைப் படத்தில் பார்க்கலாம் என்று, திறப்பு விழாவுக்கு அம்மாவை ரயிலேறி வரச் சொல்லியிருந்தாள்.

ஆனால் முதலில் தணிக்கைக் குழு வரும். வந்தால் எதையாவது நீக்காமல் போகாது. இல்லாவிட்டால் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடுமே. அதற்கு ஓவியர்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு நாயைப் படத்தில் நுழைத்துவிடுவார்கள். குழு அதைப் பிடித்துக்கொண்டு கத்தும். நாயை அழித்தால் மிச்சப் படம் பிழைக்கும். ஷரோல்தாவும் டப்பா ஓரத்தில் ஒரு சிவப்பு நாயை வைத்தாள். மோசமாக வரைந்திருக்க வேண்டும். அந்த மகராசிக்கு மோசமாக ஒரு நாய் வரையக் கை வரவில்லையே!

குழுத் தலைவர் ஹர்கிதாய் நாயின் முன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"அடடா! எங்க வீட்டு நாய் எலும்புக்கு இப்படித்தான் பாக்கும். இதைப் போய் ஏன் ஓரத்துல ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"எடுத்துடலாம்னு இருந்தேன், தோழர்."

"எடுக்கறதாவது! நடுவுல கொண்டாங்க. அந்தப் பையன் மூஞ்சி என்னமோ எழவு வீட்டுல நிக்கிற மாதிரி இருக்கு. அதை மூடிட்டு அங்க வரைங்க."

"ஓரத்துலயே இருக்கட்டுமே, தோழர்."

அவர் சிரிப்பு நின்றது. கூட வந்த இருவரும் படத்தை நெருங்கினார்கள்.

"ஏன்? யாரு அந்தப் பையன்?"

பெயரைச் சொன்னால் படம் மட்டும் போகாது. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் கதவையும் தட்டுவார்கள்.

"யாருமில்லை. சும்மா ஒரு முகம்."

"அப்புறம் என்ன?"

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தூரிகையை எடுத்தாள். அண்ணன் முகத்தை நெற்றியிலிருந்து மூடத் தொடங்கினாள். கண்களைக் கடைசிக்கு விட்டாள். விளம்பரப் பலகைக்கு அடிக்கும் பெயின்ட், சீக்கிரம் காய்ந்துவிடும்.

பின்னாளில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த நாய்தான். காலண்டருக்கும் தீப்பெட்டிக்கும் நாய் கேட்டு வந்தார்கள். வயிறெரிய வரைந்து கொடுத்தாள். அன்று மாலை திறப்பு விழாவிலேயே கூட்டம் அதைச் சுற்றித்தான் நின்றது. அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்கடி அவன்?"

ஷரோல்தா நாயைக் காட்டினாள். "இதுக்கு அடியில இருக்கான்மா. யாருன்னு கேட்டாங்க. யாருமில்லைன்னு சொல்லிட்டேன்."

கன்னத்தில் அறை விழும் என்று நினைத்தாள். அம்மா கையுறையைக் கழற்றினாள்.

"காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சும்மா."

அம்மா நாயின் நெற்றியில், காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்தாள். "படத்தைத் தொடாதீங்க!" என்று காவல்காரி கத்தினாள். அம்மா கையை எடுக்கவில்லை.