வைரக்கண்ணு மறைத்த வீக்கம்

கூலி உயர்வு கேட்டுக் குத்தாலம் பக்கம் பண்ணையாட்கள் அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். வைரக்கண்ணு மட்டும் ஊர்வலத்துக்குப் போகவில்லை. விட்டுவிட்டு வந்த காய்ச்சலோடு விதைப்பையும் வீங்கியிருந்தது. அதை வெளியே சொல்வதைவிடப் பண்ணையாருக்குப் பயந்தவன் என்ற பேரே மேல் என்று படுத்துக் கிடந்தான். வீக்கத்தைப் பார்த்துவிட்ட மனைவி அம்சம், எவளிடமோ வாங்கிவந்த சீக்கு என்று ஏசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

“எந்த மாடாவது மாசம் நிறையாம கன்னு வீசிச்சா?” என்று கேட்டார் டாக்டர்.

“பண்ணை மாடு வீசிச்சுங்க. செத்த கன்னை நான்தான் வெறுங்கையால இழுத்துப் போட்டேன்.”

“அதுலேர்ந்து ஒட்டின கிருமிதான். ஊசி போட்டா சரியாயிடும்.”

அம்சத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “என்னென்னவோ பேசிட்டேன்” என்று பஸ்ஸில் அழுதாள்.

உடம்பு தேறியது. கூட்டாளிகளிடம் வெறும் காய்ச்சல் என்றான். ஒருவரும் நம்பவில்லை; பண்ணையாருக்குப் பயந்தவன் என்றார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.