தாளிக்காத வீடு

கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு நீங்கள் எப்போதாவது அழுதிருக்கிறீர்களா? நான் போன ஞாயிற்றுக்கிழமை அழுதேன். கையில் கரண்டி, அடுப்பில் எண்ணெய், கண்ணில் தண்ணீர். வெங்காயம் உரித்ததால் இல்லை... அன்றைய சமையலில் வெங்காயமே கிடையாது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் நாத்தனார் கவிதா, அதாவது என் கணவரின் ஒரே தங்கை, சென்னையில் இருக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் அவள் போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. “விசேஷம் ஏதாச்சும் உண்டா?” என்று கேட்காத சொந்தக்காரரும் இல்லை. இப்போதுதான் தங்கியிருக்கிறது. ஐந்தாம் மாதம்.

ஐந்தாம் மாதம் பிறந்த வீட்டில் ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். கவிதாவுக்கு அம்மா இல்லை. அப்புறம் யார் ஆக்குவது? அண்ணிதான்! மாசி மகத்துக் கூட்டமெல்லாம் கலைந்து விருத்தாசலம் கொஞ்சம் மூச்சு விட்டதும், பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். சமையல் என்றால் எனக்கு ரசம்தான் எல்லை. ஆனாலும் அந்தச் சோற்றை ஹோட்டலில் வாங்கிவிடக் கூடாது என்று ஒரு வீம்பு.

வெள்ளிக்கிழமை மதியம் கவிதா ரயிலில் வந்து இறங்கினாள். அவள் கணவர் எழிலுக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் கம்மாபுரத்திலிருந்து பெரியத்தை வந்தார். என் கணவரின் அத்தை. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறோம் என்று வந்த அதிகாரிகளை, “மொதல்ல ஒக்காருங்க, மோர் குடிங்க, அப்புறமா எங்க நெலத்தக் கேளுங்க” என்று உட்கார வைத்தே திருப்பி அனுப்பியவர். அவர் முன்னால் நான் எம்மாத்திரம்?

எனக்கு இரண்டு பிள்ளைகள். முகிலனுக்கு ஏழு வயது, நிலாவுக்கு நாலு. கவிதா வந்ததிலிருந்து நிலா அவளை விட்டு நகர்ந்ததை நான் பார்க்கவில்லை. அத்தையின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, “பாப்பா, நான்தான் நிலா அக்கா பேசறேன், சாப்டியா?” என்று ஒரே விசாரணை. ராத்திரி தூங்கியதும் அப்படியே, கவிதாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான்.

சனிக்கிழமை காலை பால் காய்ச்சிக்கொண்டு இருந்தேன். “அண்ணி... கொஞ்சம் வாங்களேன்” என்று கவிதா கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

போய்ப் பார்த்தால், நிலாவின் கை, கால், முதுகு எங்கும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சிலதில் நடுவே சின்னதாகக் கொப்புளம். உடம்பும் லேசாகச் சுட்டது.

பின்னாலேயே வந்த பெரியத்தை ஒரு பார்வை பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆத்தா வந்திருக்கா.”

அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிடத்தில் எங்கள் வீடு என் கையை விட்டுப் போய்விட்டது. தெருமுனை வேப்பமரத்திலிருந்து பூவோடு கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டு வந்து கேட்டில் கட்டினார். சட்டங்கள் வரிசையாக வந்தன. தாளிக்கக் கூடாது. கறி மீன் கூடாது. வெளி ஆள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருக்கிற ஆள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஊருக்குக் கிளம்பக் கூடாது. அப்படியே கிளம்பினாலும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவே கூடாது.

ஏன் என்று கேட்டேன். “போயிட்டு வரேன்னு நீ சொன்னா, அவளும் போயிட்டு வருவா” என்றார். சரிதான்!

நான் இதையெல்லாம் கேலி செய்கிற ஆள் என்று வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கேலி வரவில்லை. ஏனென்றால் கவிதா சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, “அண்ணி, எனக்குச் சின்ன வயசுல இது வந்ததே இல்ல” என்றாள்.

கர்ப்பிணிக்கு அம்மை ஆகாது என்று எங்கேயோ படித்தது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. ராத்திரி முழுக்க என் பிள்ளையைக் கட்டிப் பிடித்துத் தூங்கியிருக்கிறாளே... எட்டு வருடம் காத்திருந்து வந்ததற்கு என் வீட்டில் வைத்தா ஆபத்து வர வேண்டும்? எந்தச் சாமியைத் திட்டுவது என்று தெரியவில்லை. சாமியே வீட்டுக்குள் வந்திருப்பதாக வேறு சொல்கிறார்கள்!

“டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறேன்” என்றேன்.

“ஊசி போடக் கூடாதும்மா, ஆத்தா கோவிச்சுக்குவா.”

“கோவிச்சுக்கட்டும் பெரியத்தை. நான் கால்ல விழுந்துக்கறேன்.”

என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். சண்டை நடக்கும்போது அவர் எப்போதுமே வாகனத்தின் பக்கம்தான்.

டாக்டரம்மா நிதானமானவர். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார், முதுகைப் பார்த்தார். “அம்மை மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பூச்சி கீச்சி கடிச்சிருக்குமா? புதுசா எங்கயாவது விளையாடப் போனாங்களா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர். வீட்டை விட்டு எங்கேயும் போகல” என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் தெரியுமா? மடியில் இருந்த நிலா என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வலிக்கிறது போலிருக்கிறது என்று தட்டிக்கொடுத்தேன்.

“அப்ப நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கொண்டாங்க. புள்ளி எப்படி மாறுதுன்னு பார்த்துச் சொல்றேன். மாசமா இருக்கிறவங்களைத் தனியா வைங்க. அவங்க டாக்டருக்கு இப்பவே சொல்லிடுங்க.”

சொன்னோம். சென்னை டாக்டர் உடனே புறப்பட்டு வரச் சொன்னார், பரிசோதனை செய்ய வேண்டுமாம். எழில் போனிலேயே அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். விடிவதற்குள் காரோடு வந்துவிடுவதாகச் சொன்னார். கவிதா மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிலா மாடிப்படியில் உட்கார்ந்து, “அத்த, பாப்பாகிட்ட பேசணும்” என்று கதவைப் பார்த்து அழுதாள்.

வீடே குசுகுசுவென்று பேசியது. நோயின் பேரை யாரும் வாயால் சொல்லவில்லை. பிள்ளைகள் காதில் விழக் கூடாதாம். முகிலன் மட்டும் பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். விருந்தாளிகள் வந்திருப்பதால் பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். தாய் மனம்... நல்லதாகவே நினைக்கும்!

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செராமிக் யூனிட் வைத்திருக்கிற ரஹீம் பாய் கேட் வரை வந்தார். பொம்மை, அகல் விளக்கு எல்லாம் அச்சில் ஊற்றி, சூளையில் சுட்டு, பெட்டி பெட்டியாக அனுப்புகிறவர். மங்கலம்பேட்டைக்காரர், பல வருடப் பழக்கம். வேகமாக வந்தவர் வேப்பிலையைப் பார்த்ததும் நின்றார். செருப்பை ஒரு நொடி கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் போய்விட்டார். ஜன்னலில் நின்று பார்த்த எனக்கு அவ்வளவு துக்கத்திலும் மனசு நிறைந்தது. என்ன மரியாதை!

ராத்திரிக்கு ரசம் வைத்தேன், தாளிக்காமல். அதைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம்.

ஞாயிறு காலை. ஐந்து வகைச் சோறு மணக்க வேண்டிய வீட்டில் கஞ்சி கொதித்தது. வாசலில் எழிலின் கார். கவிதா முகத்தை மூடிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நிலாவைத் தூக்கி உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தோம். கவிதா எங்களைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

“சொல்லாம போம்மா” என்றார் பெரியத்தை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. போகக் கூடாது என்று முந்தின நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர்தான். காலையில் என்ன நினைத்தாரோ, “வயித்துல இருக்கிறதும் ஆத்தா புள்ளதான, அவளே பாத்துப்பா” என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்.

பிறந்த வீட்டை விட்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தடவிக்கொண்டு, சாப்பிடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்புகிறாள்.

அப்போதுதான் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரஹீம் பாய் குரல் கொடுத்தார்.

“தங்கச்சி, நான் உள்ள வரல. பாப்பாவுக்கு எளநி கொண்டாந்திருக்கேன். இப்புடி ஓரமா வச்சிட்டுப் போறேன். சில்லுனு இருக்கும்.”

“வாங்க பாய், நேத்தும் வந்தீங்களே... என்ன விஷயம்?”

“அது கெடக்குது வுடும்மா. நம்ம வூட்ல இப்புடி இருக்கிற நேரத்துல அதப் பேசுவாங்களா?” என்று சொல்லிக்கொண்டே முழங்கையை வரட் வரட்டென்று சொறிந்தார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளிகள். நடுவே சின்னக் கொப்புளம்.

“பாய்! கையில என்னது?”

“அத ஏம்மா கேக்குற. பொம்ம பேக்கிங்குக்குப் புதுசா ஒரு லோடு வைக்கோலு எறக்குனேன். அதுல என்னா பூச்சி இருந்துச்சோ, எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயி, ராத்திரி காய்ச்ச வேற. உங்க புள்ளைங்களும் வெள்ளிக்கெழம சாயந்தரம் அந்த வைக்கோல்லதான குதிச்...”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எல்லோரும் திரும்பி முகிலனைப் பார்த்தோம். அவ்வளவுதான், அணை உடைந்தது.

“அம்மா... நான்தாம்மா! நானும் பாப்பாவும் பாய் மாமா வைக்கோல்ல ஒளிஞ்சு வெளயாடினோம். குதிக்கும்போது பொம்மத் தட்டு சாஞ்சு எல்லாம் ஒடஞ்சிருச்சி. யார்கிட்டயும் சொல்லாதன்னு பாப்பாகிட்ட சொன்னேன். அதான் சாமிக்குக் கோவம் வந்து பாப்பாவப் புடிச்சிருச்சி. எனக்கு வான்னு கும்புட்டேன்... எனக்கும் வந்திருக்கு!”

சட்டைப் பட்டனைக் கழற்றினான். கழுத்திலும் தோளிலும் அதே புள்ளிகள். ஒரு நாள் முழுக்க அந்த வெயிலில், அந்த முழுக்கைச் சட்டைக்குள், என் பிள்ளை தன்னந்தனியாக ஒரு சாமியோடு பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அடிக்க ஓங்கிய கை அப்படியே அணைத்துக்கொண்டது.

சென்னைக்குப் போக வேண்டிய கார் பத்து மணிக்குள் கிளினிக் வாசலில் நின்றது. முன் சீட்டில் ரஹீம் பாய், சாட்சிக்கு! பிள்ளைகள் பின்னாலேயே ஸ்கூட்டரில், அப்பாவோடு. டாக்டரம்மா இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார், பாயின் கையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். வைக்கோலில் இருக்கிற ஒரு சின்னப் பூச்சியின் வேலையாம். அம்மை இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. பூசுவதற்கு லோஷன் எழுதிக் கொடுத்தார். சென்னை டாக்டரிடமும் போனில் அவரே பேசினார்.

“அப்ப எனக்கு?” என்று கேட்டாள் கவிதா.

“உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. போய் நல்லா சாப்பிடுங்க.”

கவிதா அங்கேயே, அந்த பெஞ்சிலேயே, நிலாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நிலா அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தவே இல்லை. குனிந்து வயிற்றில் காதை வைத்து, “பாப்பா, நான் வந்துட்டேன்” என்று சொன்னாள். எழில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டு மூலையிலேயே, கழுத்து வரை பட்டன் போட்டு உட்கார்ந்திருந்தது. “எங்கடா வெளயாடினீங்க?” என்று ஒருத்தர் கேட்கவில்லை. பிள்ளைகள் காதில் விழக் கூடாதென்று குசுகுசுவென்று பேசியதில், பிள்ளைகளின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டோம். அதே பதில் தானாக நடந்து கேட் வரையும் வந்தது. வேப்பிலையைப் பார்த்து மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டது. நல்ல மனுஷர்கள் சூழ இருந்தால் இப்படியும் ஒரு சங்கடம்!

உடைந்த பொம்மைகளுக்கு நான் எவ்வளவோ மன்னிப்புக் கேட்டேன். பாய் கையை உதறினார். “அதெல்லாம் இன்னும் சுடாத பச்ச மண்ணும்மா. தண்ணியில கரைச்சு மறுபடி அச்சுல ஊத்திக்கலாம். நான் நேத்து வந்ததே புள்ளைங்க மேல அடிகிடி பட்டிருக்கான்னு கேக்கத்தான்.”

வீட்டுக்கு வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன். எண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டேன். படபடவென்று வெடித்தது பாருங்கள்... அங்கேதான் அழுதேன். கறிவேப்பிலை, மிளகாய், பெருங்காயம்... வீடு முழுக்க மணத்தது. பெரியத்தை பின்னால் வந்து நின்றார்.

“நான் வேண்டிக்கிட்டேன், அதான் வந்த வழியே போயிட்டா” என்றார்.

“வைக்கோல் பூச்சி பெரியத்தை!”

“பூச்சியா மாத்துனது யாரு?”

“இன்னும் கொஞ்சம் கடுகு போடு” என்று அவரே டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

மத்தியானம் ஐந்து வகைச் சோறும் ஆனது. புளிச்சோற்றில் உப்பு தூக்கல். ஆனாலும் கவிதா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். லோஷன் பூசி வெள்ளை வெளேரென்று, சூளைக்குக் காத்திருக்கிற பொம்மைகள் மாதிரி இரண்டு பிள்ளைகளும் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாய் வீட்டுக்கும் ஒரு தூக்குச் சட்டி போனது, முகிலன் கையில். கேட்டில் வேப்பிலை இன்னும் தொங்குகிறது. தானாக உதிரட்டும் என்கிறார் பெரியத்தை. நானும் சரி என்றுவிட்டேன். ஒரு வாரமாக எந்த சேல்ஸ்மேனும் காலிங் பெல் அடிக்கவில்லை!

சாயங்காலம் காரில் ஏறப் போன கவிதா, திடீரென்று திரும்பி வந்தாள். காலையில் வாய்க்குள்ளேயே விழுங்கியதை இப்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அண்ணி, போயிட்டு வரேன்! பெரியத்தை, போயிட்டு வரேன்! முகிலா, நிலா, போயிட்டு வரேன்!”

பதிலுக்கு நானும் கத்தினேன்: “ரெண்டு பேராப் போங்க, மூணு பேரா வாங்க!”