காக்காயைக் கூப்பிட்டோம்... குரங்கை?

போன ஞாயிற்றுக்கிழமை, போலியோ சொட்டு மருந்து போட என் மகள் மலரை அடி அண்ணாமலை பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நாலு வயசு. வாசல்வரை சிரித்துக்கொண்டு வந்தவள், மருந்துக் குப்பியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நர்ஸம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம். எங்கள் தெருவிலேயே ஒருவர் போலியோவால் கால் சூம்பி நடக்கிறார். எனக்குப் பயம் வராமல் இருக்குமா?

"நான் வேணா மொதல்ல குடிச்சுக் காட்றேங்க" என்றேன், வீரமாக.

"உங்களுக்கு எதுக்குங்க? வயசு தாண்டிப் போச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மலர் சிரிக்கவில்லை. "இத யாராவது குடிச்சுப் பாத்தாங்களா?" என்று விரல் இடுக்கு வழியாகக் கேட்டாள்.

நர்ஸம்மா கூரையைக் காட்டினார். ஓட்டின் மேல் ஒரு குரங்கு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. "அதோட சொந்தக்காரங்களுக்குத்தான் மொதல்ல போட்டுப் பாப்பாங்க பாப்பா. கை கால் நல்லா ஆடுதான்னு பல நாள் பாத்துட்டு, அப்பறந்தான் உனக்கு."

மலர் யோசித்தாள். "காக்காக்கு சோறு வெக்கறா மாதிரியாப்பா?"

இதைப் படிக்கிற பிள்ளைகளே, புரிகிறதா? அமாவாசை அன்று, முன்னோரை நினைத்து, காக்காய்க்குச் சோறு வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். இவளோ... அம்மா சமையலைக் காக்காய்க்குக் கொடுத்து டெஸ்ட் பண்ணுகிறோம் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். என் மனைவி இந்தப் பத்தியைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். "ஆமாம்மா, அதே மாதிரிதான்" என்று தலையாட்டிவிட்டேன். அதோடு விட்டாளா?

"காக்காவ கா கான்னு கூப்புடறோம். அதுவா வருது. குரங்க யாரு கூப்ட்டாங்க?"

நான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். அவர் தன் கையிலிருந்த குப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"யாரும் கூப்புடல கண்ணு. புடிச்சாந்துதான் போட்டாங்க. அதுங்க பாவம், கஷ்டம்லாம் பட்டிருக்கும். அதாலதான் நம்மளுக்கு பயமில்லாம குடுக்க முடியுது."

மலர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள். ஆ... இரண்டு சொட்டு. முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டாள்.

நேற்று அமாவாசை. மொட்டை மாடியில் காக்காய்க்கு ஓர் உருண்டை வைத்தோம். மலர் பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். தண்ணீர்த் தொட்டி மேல் இருந்த குரங்கைப் பார்த்து, மரியாதையாகவே கூப்பிட்டாள். "குரங்கு, வாங்க. சாப்புடுங்க."

கிரிவலம் போகிறவர் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்குகிற ஆள் அது. நேற்று மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

சொந்தக்காரர்கள் கதையை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறது.