எங்கள் வீட்டு நீல மருந்து

என் கணவரும் நானும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். அவருடைய அப்பா என் அம்மாவுக்கு அண்ணன். பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பங்களில் இது ஒரு செய்தியே இல்லை. மாமன் மகன், எங்கள் பேச்சில் பாவா, இருக்கும்போது வெளியில் மாப்பிள்ளை தேடினால்தான் ஊர் மூக்கின்மேல் விரலை வைக்கும். ஆகவே கல்யாணத்துக்கு முன்னும் அவர் எனக்குப் பாவா, பின்னும் பாவா.

என் மாமனாரைச் சர்க்கரை வியாதிதான் கொண்டுபோனது. முதலில் ஒரு கால் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போயிற்று. அதற்கப்புறம் அவர் தறிக்குழியில் இறங்கவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் திட்டியபடி மிச்ச நாளைக் கழித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் என் கணவருக்கும் அதே வியாதி என்று தெரிந்தபோது வீட்டில் ஒருவருக்கும் அதிர்ச்சி இல்லை. வம்சத்துல வந்தது, என்ன செய்ய முடியும் என்றார்கள். அவரும் அதையே சொல்லிக்கொண்டு இன்னொரு டீ வரவழைத்துக் குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வம்சத்துல வந்ததுன்னா உங்க அண்ணனுக்கு ஏன் வரல? அவரு இன்னா, வேற அப்பனுக்கா பொறந்தாரு?”

“இன்னாமே பேச்சு இது!” என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

கேட்ட கேள்வியில் தப்பில்லை. அவருடைய அண்ணன், எனக்குப் பெரிய பாவா, பொதட்டூர்பேட்டையிலேயே இருந்தார். விடிந்ததிலிருந்து குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். களியும் கீரையும் சாப்பாடு. என் கணவரோ திருத்தணிக்கு வந்து மலைக்குக் கீழே கடைத்தெருவில் லுங்கிக் கடை போட்டுவிட்டார். மெத்தையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். துணியை எடுத்து விரித்துக் காட்ட ஓர் ஆள் இருந்தான். வருகிற வியாபாரிக்கெல்லாம் டீ, அவருக்குத் துணையாகத் தனக்கும் ஒரு டீ. தொப்பை மட்டும்தான் அந்தக் கடையில் உழைத்து வளர்ந்தது.

ஒருநாள் லுங்கி மூட்டை கட்டும் இரும்புப் பட்டை அவருடைய கால் விரலைக் கிழித்துவிட்டது. அவருக்குத் தெரியவேயில்லை! மெத்தை விரிப்பில் ரத்தத்தைப் பார்த்து, யாருக்கு அடிபட்டது என்று கேட்டிருக்கிறார். மாமனாருக்கும் முதலில் போனது அதே விரல். அன்றைக்கே அவரை அரக்கோணத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அரக்கோணத்து டாக்டர் விரலை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“சர்க்கரை குறைஞ்சாதான் புண்ணு ஆறும். அடுத்த மாசம் பாக்கறேன். கறுத்துகினு வந்துச்சுன்னா விரலை எடுக்கணும். விரலோட நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

“எங்கப்பாவுக்கும் இப்பிடித்தாங்க” என்றார் என் கணவர், ஏதோ பெருமை மாதிரி.

“உங்கப்பா குடுத்தது வியாதி வர்ற உடம்பு. மீதியை நீங்க உக்காந்துகினே சம்பாதிச்சிருக்கீங்க.”

அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

மாத்திரையோடு, வீட்டில் சோதனை செய்ய நீல மருந்தும் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் அந்த மருந்தை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, தீயில் காட்ட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. சாயப் பட்டறை வாசனையில் வளர்ந்தவள் நான், எனக்கா நிறம் தெரியாது? அடுப்படியில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கினேன். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். அரிசியைப் பாதியாக்கிக் களியைக் கொண்டுவந்தேன். திட்டிக்கொண்டேதான் தின்றார். குழாய் மெல்ல ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு வந்தது.

அப்போதுதான் கிருத்திகை வந்தது. மாதா மாதம் அவர் அன்று விரதம். சோறே தொடாத நாள், இன்று நிச்சயம் பச்சைக்கு இறங்கும் என்று நம்பிக்கையோடு சாயந்தரம் குழாயைத் தீயில் காட்டினேன். செக்கச் செவேலென்று செங்கல்!

“காலையிலருந்து இன்னா சாப்ட்டீங்க?”

“ஒண்ணும் இல்லமே. விரதம். வாழப்பழம், பாலு, கொஞ்சம் பஞ்சாமிர்தம். மத்தியானம் வெல்லம் போட்ட அவல்.”

“மாத்திரை?”

“விரதத்தன்னிக்கி யாராச்சும் மாத்திரை சாப்புடுவாங்களா?”

தலையில் அடித்துக்கொண்டேன். சோற்றை விட்டால் விரதம் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு கணக்கு. சாமி பேரைச் சொல்லி உள்ளே போகும் வெல்லத்துக்குக் கேள்வியே கிடையாது.

“முருகன் மேலயே கை வெக்கிறியா நீ?” என்று அவர் எகிறினார்.

“முருகன இழுக்காதீங்க. காசிக்குப் போனா எதையாச்சும் விட்டுட்டு வர்றாங்க இல்ல? உங்கப்பா போய் பாவக்காயை விட்டுட்டு வந்தாரு. அவருக்கு எப்பவும் புடிக்காதது பாவக்கா. நீங்களாச்சும் புடிச்சதை விடுங்க. மலையேறி, சாமி எதிர்ல நின்னு, இனிப்பை விட்டேன்னு சொல்லிட்டு வாங்க. இல்லன்னா அந்தக் கட்டிலை அனுப்பச் சொல்லி உங்க அண்ணனுக்கு ஆள் விடறேன்.”

கட்டில் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. நானும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். எனக்கு அந்த மனிதர் இரண்டு காலோடும் வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

மறுநாள் காலில் கட்டோடு, பஸ்ஸில் மலைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் சொன்னதை அரைகுறையாகக் கேட்பவர், முருகனிடம் சொன்னதை மீறவில்லை. கிருத்திகைக்கு மோரும் சுண்டலும் என்று ஆனது. மாத்திரையும் டாக்டர் சொன்னபடி உள்ளே போனது. குழாய் பச்சைக்கு வந்தது, புண் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை ஏறியது. அடுத்த தடவை பார்த்த டாக்டர், “விரல் உங்களுதுதான், வெச்சுக்குங்க” என்றார். கால் ஆறியபின் தினமும் காலையில், செருப்போடு, மலை அடிவாரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். கடை ஆளை மூட்டை கட்டச் சொல்லிவிட்டு, துணியைத் தானே எழுந்து விரித்துக் காட்டினார்.

நான் சும்மா இருப்பேனா? போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெரிய பாவா பஸ் ஏறித் தம்பியைப் பார்க்க வந்தார். மலையிலிருந்து இறங்கிய வியாபாரி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பஞ்சாமிர்தம் என் கையில் இருந்தது. பேசிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டேன்.

“தினம் வருதா இது?” என்றார் பெரிய பாவா.

“ஆங், தினம் யாராச்சும் குடுப்பாங்க. பாவா தொட மாட்டாரு. பிரசாதத்தைக் குப்பையில போட முடியுமா? நான்தான் காலி பண்றேன்.”

“நீயும் எங்க தாத்தா பேத்திதானம்மா” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் நீல மருந்தை எடுத்து வந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு நாளில் ஒரு நாழிகை உட்காராதவள் நான், எனக்காவது, சர்க்கரையாவது! சிரித்துக்கொண்டேதான் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவரே தீயில் காட்டினார். நீலம் கலங்கிப் பச்சையாகி, மஞ்சளில் போய் நின்றது.

எல்லார் தலையிலும் ஏறி உட்கார்ந்து பேசியவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அவர் கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அடுப்பில் பாலை ஏற்றி மூன்று டம்ளர் டீ போட்டார். அண்ணனுக்கு மட்டும் சர்க்கரை. என் டம்ளரை என் கையில் வைத்து, “குடி. நாலு நாளு கசக்கும், அப்புறம் பழகிடும்” என்றார். “காலையில செருப்பை மாட்டிகினு ரெடியா இரு.”

குடித்தேன். கசந்தது.