அக்கா தோற்றதற்கு வந்த சீர்

ஆஸ்டின் டவுன் மைதானத்தில் பெண்கள் ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுத்தபோது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அதுவரை நான் அவளை எதிலும் ஜெயித்ததில்லை. பல் துலக்குவதில்கூட அவள்தான் முந்துவாள்.

விரலில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு எம்பிக் குதித்துச் சுவரில் தொட வேண்டும். நேராக ஓட வேண்டும். பிறகு கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டும். இவைதான் டெஸ்ட். அன்று அக்கா கடனே என்று எம்பினாள். ஓட்டத்தில் நான் அவளை முந்தினேன். கூம்பு ஓட்டத்தில் பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோச் மேடமோ என்னைப் பாராட்டாமல், தன் ஜெர்கினைக் கழற்றி அக்காவின் இடுப்பில் கட்டினார். “இவளுக்கு அப்புறமா டெஸ்ட் வெச்சுக்கலாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றார். வழியெல்லாம் நான் என் பிரதாபத்தையே பேசிக்கொண்டு வந்தேன். அக்கா இடுப்பில் ஜெர்கினை இறுக்கிப் பிடித்தபடி நடந்தாள்.

வீட்டில் நடந்ததுதான் அநியாயம். அம்மா அக்காவைத் தனிப் பாயில் உட்காரவைத்து, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிகள் ஸ்வீட்டோடு வந்தார்கள். அக்கா பெரியவளாகிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். தோற்றவளைத் தேற்ற அப்படிச் சொல்வார்கள் போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். தோற்றால் இவ்வளவு கிடைக்குமென்றால் அடுத்த முறை நானும் தோற்றுவிடுவது என்றும் தீர்மானித்தேன்.

மொட்டை மாடியில் ஷாமியானா போட்டுச் சடங்கு நடந்தது. தங்கவயலிலிருந்து வந்திருந்த பெரியம்மா, “இனிமே ஃபுட்பால் கிட்பால்னு கிரவுண்டுக்கு அனுப்பாதீங்க. ஆடுன வரைக்கும் போதும்” என்றாள். அப்பா சரி என்று தலையாட்டினார். பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அக்கா தலை நிமிரவே இல்லை.

அப்போதுதான் மாமா, அம்மாவின் தம்பி, சீர்த்தட்டுகளோடு மாடியேறி வந்தார். பழம், பூ, வளையல், இன்னொரு புடவை. கடைசித் தட்டில் குங்குமம் வைத்த புத்தம் புது ஃபுட்பால் ஷூ. பெரியம்மாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் தாய்மாமன் கொண்டுவந்த சீரை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லும் தைரியம் எங்கள் ஜனத்தில் யாருக்கும் கிடையாது. அது மாமாவுக்கு நன்றாகத் தெரியும்.

“கோச் மேடம் மறுபடி டெஸ்ட்டுக்கு வரச் சொன்னாங்கல்ல? போட்டுப் பாரும்மா” என்றார், ஒன்றும் அறியாதவர் போல.

அப்பா தட்டிலிருந்து ஷூவைக் கையில் எடுத்தார். பிறகு குனிந்து, தானே அதை அக்காவுக்கு மாட்டி லேஸ் கட்டிவிட்டார்.

ஜெயித்தவள் நான் இருக்க, ஷூ அவளுக்கா என்று எனக்கு வயிறு எரிந்தது. அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக் கால்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். புது ஷூ கடிக்கிறது, எப்படியும் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவாள் என்று நான் பக்கத்திலேயே காத்திருந்தேன்.