இரண்டு சாக்கு உதிரி ரோஜா

நேற்று சாயங்காலம், சேலையூர் பக்கம் ஒரு ரிசப்ஷன் மண்டபத்துத் தெருமுனையில்...

படபடப்பு இன்னும் அடங்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்!

பதினைந்து வருஷமாக எங்கள் சர்ச் ஆல்டருக்குப் பூ வைப்பவள் நான். அந்த ஒரே தகுதியை நம்பி, சிட்லபாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வசந்தி, "எம்பொண்ணு ரிசப்ஷனுக்குப் பூ டிசைன் முழுக்க நீதான் ஜெசி" என்று சொல்லிவிட்டாள்.

மேடை பிரமாதமாக வந்தது. (நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் வேறு விஷயம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.)

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் சர்ச் கல்யாணங்களில் மணப்பெண் நடந்து வரும்போது, ஃபிராக் போட்ட சின்னப் பிள்ளைகள் முன்னால் பூ தூவிக்கொண்டே போவார்கள். அதையே நான் கொஞ்சம் பெரிதாக யோசித்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் பூ அலங்கார வண்டியில் வரப்போகிறார்கள். தெருமுனையிலிருந்து மண்டப வாசல்வரை ரோட்டில் பூ தூவினால் எப்படி இருக்கும்?

இரண்டு சாக்கு உதிரி ரோஜா. நடுநடுவே மஞ்சள் செவ்வந்தி. (கலர் காம்பினேஷனாம்!)

ஐந்தரை மணிக்கு, வெள்ளைப் பட்டுப்புடவையும் (கல்யாணம் என்றால் எங்கள் பக்கம் அதுதான்) இடுப்பில் பூக்கூடையுமாகத் தெருமுனையில் தூவிக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஓர் அம்மா, மடியில் அர்ச்சனைக் கூடை.

ஆட்டோக்காரர் ரோட்டைப் பார்த்தார். என் வெள்ளைப் புடவையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னாக்கா, எட்த்துட்டாங்களா?"

வீடியோவைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக!

"இன்னும் எடுக்கலப்பா. இங்க வந்தப்புறம்தான் எடுப்பாங்க. வண்டி அலங்காரம் முடிஞ்சு கிளம்பிடுச்சு."

அந்த அம்மா தலையை வெளியே நீட்டினார். "வயசானவங்களாம்மா?"

"ஐய, சின்ன வயசும்மா! ரெண்டு பேருமே!"

"ரெண்டு பேரா?!"

"பின்ன? ஒரே வண்டியிலதான் வராங்க. நீங்களும் இறங்குங்க, ரெண்டு பூ போடுங்க!"

அந்த அம்மா மாரில் கை வைத்துக்கொண்டார். "வண்டியத் திருப்புப்பா!"

ரெண்டு பூ போட இவ்வளவு கூச்சமா என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் வசந்தி செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள். கையில் போன்.

"ஜெசி! இந்தத் தெருவுல சாவாம்டி! ரெட்டைச் சாவாம்! மாப்பிள்ளையோட அத்தை கோயிலுக்குப் போயிட்டு நேரா வந்திருக்காங்க. மொனையில பார்த்துட்டு, தலைக்குக் குளிக்கணும்னு பீர்க்கன்கரணைக்கே திரும்பிட்டாங்க!"

"ஐயையோ! யாரு வீட்டுல?" (கேட்டது நான்தான். பூக்கூடையோடு!)

"தாயில்லாத பையனை வளர்த்தவங்கடி. அவங்க இல்லாம மேடை ஏற மாட்டான் அந்தப் பையன். எம்பொண்ணு மொத நாளே பேச்சு வாங்கப்போறா..."

பேசிக்கொண்டே வந்தவள் நின்றாள். குனிந்து காலடியைப் பார்த்தாள். நிமிர்ந்து கூடையைப் பார்த்தாள்.

"இது என்னடி?"

அப்போதுதான் உறைத்தது.

முப்பது வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன். சவ ஊர்வலம் போன ரோட்டில் கிடக்கும் பூவை மிதிக்காமல் எத்தனை தடவை தாண்டிக் குதித்திருக்கிறேன்! நேற்று மட்டும் அந்தப் புத்தி எங்கே போனது?

வாட்ச்மேனிடம் துடைப்பத்தைப் பிடுங்கினேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெருக்கினேன். பாதித் தெரு முடியவில்லை, பூ வண்டி வந்துவிட்டது!

மேல் திறந்த வண்டி, சுற்றிலும் மாலை. பெண் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெளியே தெரிந்தது மாப்பிள்ளை மட்டும். அசதியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

டீக்கடையில் இருந்த நாலு பேர் எழுந்து நின்றார்கள். தோள் துண்டை எடுத்தார்கள். கும்பிட்டார்கள்.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். மரியாதை தெரிந்த பிள்ளை. பதிலுக்குக் கும்பிட்டார்.

ஒரு டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

"டேய், பாடி கும்புடுதுடா!"

மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

"அத்தை, யாரும் சாகல. சின்ன வயசு ரெண்டு பேருன்னு சொன்னது எங்களத்தான். நான் உசுரோடதான் இருக்கேன், வாங்க."

அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு கேள்வி: "அந்த வெள்ளப் பொடவ யாரு?"

போன் கட்!

அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம். மேடை காலி. பெண்ணும் மாப்பிள்ளையும் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில். வந்தவர்களை முதலில் சாப்பிட அனுப்பினார்கள். வசந்தி என்னோடு பேசவில்லை. நான் செய்த மேடை அலங்காரத்துக்குப் பின்னால் நானே ஒளிந்துகொண்டேன். (அவ்வளவு அடர்த்தியாகக் கட்டியது அப்போதுதான் உதவியது.)

ஏழே முக்காலுக்கு அத்தை வந்தார். ஈரத்தலையில் ஒரு முடிச்சு.

"எங்க அந்த வெள்ளப் பொடவ?"

மண்டபமே பூ அலங்காரத்தைக் காட்டியது. முதல் கை வசந்தியுடையது!

வெளியே வந்தேன். அத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ரெண்டு பூ போடச் சொன்னியே. எங்க பூ?"

கூடையை நீட்டினேன். நீட்டிய வேகத்தில் பாதி அவர் காலில் கொட்டியது. அவர் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேடைக்குக் கூட்டிப்போய், இரண்டு தலையிலும் கொட்டினார்.

"இங்க போடணும்மா பூவ. ரோட்டுல இல்ல."

வசந்தி அழுதாள். நானும்தான்.

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் கேமராவைத் தூக்கினார். "அம்மா, எடுத்துடலாமா?"

அத்தையும் நானும் ஒரே குரலில்: "அந்த வார்த்தையச் சொல்லாதப்பா!"

நண்பர்களே, என் வீட்டில் இன்னும் அரைச் சாக்கு உதிரி ரோஜா இருக்கிறது. சும்மாவே தருகிறேன். யாருக்காவது வேண்டுமா?

(என்ன விசேஷம் என்று மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்!)