கண்ணாடியில் வாய் அசையாத குரல்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு சலூனில் கால் மணி நேரத்தில் முடிகிற முடிவெட்டு அவர் கையில் முக்கால் மணி நேரம் ஆகும். நாலு முடி வெட்டுவார், ஓரடி பின்னால் போய்ப் பார்ப்பார், தலையைச் சாய்ப்பார், திரும்ப வந்து அடுத்த நாலு முடியை விசாரிப்பார். அவசரக்காரர்கள் நொந்துகொள்வார்கள். ஆனால் பதினோரு வருடத்தில் ஒருத்தர் காதிலும் கத்தரி பட்டதில்லை, ஒருத்தர் தாடையிலும் சொட்டு ரத்தம் வந்ததில்லை. அதனால் நொந்துகொண்டே திரும்பவும் வருவார்கள்.

கடையில் மூன்று நாற்காலிகள். எதிரே சுவர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு முடிவெட்டைக் காட்டுவதைத் தவிர இன்னொரு வேலையும் இருந்தது. அது அவருக்கும் மனைவிக்கும் மருத்துவரம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

இருபத்து மூன்று வயதில் அவருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. ஆளில்லாத இடத்திலிருந்து குரல்கள் கேட்டன. ஏசின, அதட்டின, அதைச் செய் இதைச் செய் என்று அதிகாரம் பண்ணின. மாத்திரையும் மாதம் ஒரு ஊசியும் சேர்ந்து அவற்றை அடக்கின. தப்பித்தவறி ஒன்று எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்பதற்கு அவரும் மருத்துவரம்மாவும் சேர்ந்து ஒரு வழி வைத்திருந்தார்கள். குரல் கேட்டதும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். யாருடைய வாயாவது அசைந்தால் பதில் சொல்லலாம். ஒரு வாயும் அசையாவிட்டால், அது என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் கை வேலையைப் பார்க்க வேண்டும். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா, எதிர்க்கடையில் தையல் மிஷின் ஓட்டும் மனைவியைக் கூப்பிட வேண்டும். கடைசி நாலு வருடமாக எந்தக் குரலும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

தலைகாட்டியது மளிகைக்கடைக்காரர்தான். கால் விரலைக் காட்டுவதற்காக மருத்துவமனைக்குப் போனவர், மனநலப் பிரிவு வரிசையில் நிதானம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். போன வேலையை முடித்துக்கொண்டு பேசாமல் வர வேண்டியதுதானே? மாட்டார். விரலைக்கூடக் காட்டாமல் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். சாயங்காலத்துக்குள் விஷயம் கை கால் முளைத்துத் தெருவைச் சுற்றிவிட்டது.

"அவன் ஒரு ஆள் இல்லப்பா, ரெண்டு ஆள். ஒருத்தன் முடியை வெட்டுவான், இன்னொருத்தன் கழுத்தை வெட்டுவான்!"

"அப்ப நாம போறப்ப எந்த ஆள் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஒரு உடம்பில் இரண்டு ஆள் குடியிருப்பதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. அதைக் கேட்க யாருக்குப் பொறுமை? பேருந்து ஓட்டுநர், நிதானத்துக்கு என்னமோ காது போய்விட்ட மாதிரி, "எப்... படி... இருக்... கீங்க?" என்று கத்திக் கேட்டார். இன்னொருத்தர் கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார். அவருக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிவிட்டதே என்று சொன்னதும், "ஓஹோ, அதனாலதான் வந்திருக்கு" என்று அதே வாயால் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். மருந்துக்கடைக்கு எதிர்வீட்டுக்காரர் ரகசியமாக வந்து, "அந்தக் குரல் அடுத்த வாரம் எந்த அணி ஜெயிக்கும்னு ஏதாவது சொல்லுச்சா?" என்று விசாரித்தார். பாவி மனுஷனுக்கு அதிலும் ஓர் ஆதாயம்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் நாற்காலிகள் காலியாயின. பத்து நாளாக நிதானம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடியில் குடியிருந்தவர்கள் கூட்டமாகப் போய்க் கட்டட முதலாளியைப் பிடித்தார்கள். "ஒரு குரல் வெட்டுன்னு சொன்னா இவன் வெட்டிட மாட்டான்னு என்ன நிச்சயம்? கடையைக் காலி பண்ணச் சொல்லுங்க."

கடையின் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம் அது. கட்டட முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் பயந்தவர் என்று பேர் வாங்கவும் பயந்தவர். அதனால், "நானே போய் ஒரு சவரம் பண்ணிக்கிட்டு முடிவு சொல்றேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டார். விஷயம் நிதானத்தின் காதுக்கு வந்தது. கடை போனால் பேரும் போகும், பிறகு எந்தத் தெருவில் யார் அவரிடம் கழுத்தை நீட்டுவார்கள்? அவருக்கு இந்த வேலை உயிர். அன்றிரவு மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டார், தூக்கம்தான் வரவில்லை.

காலையில் கடையைத் திறந்து, வாசல் கதவை வெறுமனே சாத்திவிட்டு, பின்பக்கக் குழாயில் வாளியை நிரப்பப் போனார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். பதற்றத்தில் வீட்டிலேயே மூன்று சொம்பு தண்ணீர் குடித்திருந்தார். கடையில் ஆளில்லை, அடக்கவும் முடியவில்லை. நேராக, கண்ணாடியில் தெரியாத மூலையிலிருந்த கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். அந்தத் தாழ்ப்பாளைச் சற்று மேலே தூக்கி இழுத்தால்தான் திறக்கும். வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. அதை மாற்றித் தரும்படி நிதானம் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரிடம்? சாட்சாத் இதே முதலாளியிடம்தான்.

நிதானம் வாளியோடு வந்து, தண்ணீரைச் சுட வைத்து, துண்டுகளை மடிக்க ஆரம்பித்தார். அப்போது கேட்டது.

"நிதானம்! கதவைத் திற!"

கை நின்றது. கண்ணாடியைப் பார்த்தார். மூன்று காலி நாற்காலி, சாத்திய வாசல் கதவு, வெளுத்துப்போன அவர் முகம். ஒரு வாயும் அசையவில்லை.

"நான்தான் முதலாளி! இந்தக் கட்டடமே என்னுது!"

நாலு வருடம் கழித்து, போயும் போயும் இன்றைக்கா வர வேண்டும்? அதுவும் முதலாளி வேஷத்தில்! ராத்திரி முழுக்க அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்தால் வேறு யார் குரலில் வரும்? தட்டுகிற சத்தமும் கேட்டது. பழைய நாட்களில் அதுவும் கேட்டதுதான். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அடுத்த துண்டை எடுத்து ஓரம் பார்த்து மடித்தார்.

"சுத்தியலை எடுத்துக் கதவை உடைடா! காது கேக்கலையா? நாளைக்கே உன்னைத் தெருவுக்கு அனுப்பறேன் பாரு!"

சுத்தியல் மேசையின் கீழேதான் இருந்தது. நிதானம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த துண்டை மடித்தார்.

இருபது நிமிடம் போயிற்று. குரல் கரகரத்தது. "அப்பா... தயவு செஞ்சு... மூச்சு முட்டுதுப்பா..."

நிதானம் நிமிர்ந்தார். இது புதுசு. அவருக்கு வந்த குரல்களில் ஒன்றுகூட ஒரு நாளும் தயவு செய்து என்று சொன்னதில்லை. அத்தனையும் மரியாதை கெட்டவை. வாசலுக்குப் போய் மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தாள். "என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஏதாவது கேக்குதா பாரு."

அவள் காதைத் தீட்டினாள். "கேக்குது. யாரோ அழற மாதிரி இருக்கு."

"உனக்குமா?" என்றார் அவர், பதறிப்போய். "ஐயையோ, அடுத்த மாசம் நீயும் என்கூட ஊசிக்கு வா!"

அவள் தலையிலடித்துக்கொண்டாள். "நல்லாருக்கு போங்க! கழிவறையில யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க!"

நிதானத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரல் வெளியே இருக்கிறது, தன் தலைக்குள் இல்லை! அந்தச் சந்தோஷத்தில், "தாழ்ப்பாளை மேல தூக்கி இழுங்க!" என்று கத்தினார். கதவு திறந்தது. குளித்து எழுந்த மாதிரி வியர்வையோடு முதலாளி வெளியே வந்தார்.

சந்தோஷம் அந்த நிமிடமே பறந்தது. போச்சு, கடை போச்சு.

"ஏம்ப்பா, உள்ளே செத்தாலும் திறக்க மாட்டியா?" முதலாளி மூச்சிரைத்தார். "அந்தக் கத்து கத்தறேன், உன் காதுல விழலையா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நிதானம் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடியைச் சொன்னார், அசையாத வாயைச் சொன்னார். "எனக்கு வியாதி திரும்பிடுச்சுன்னு நெனச்சேன் ஐயா. ஆள் தெரியாத குரல் என்ன சொன்னாலும் நான் செய்ய மாட்டேன். அதான் துண்டு மடிச்சுக்கிட்டு இருந்தேன். மன்னிச்சுடுங்க."

முதலாளி ஏதோ திட்டத்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் மடித்து அடுக்கிய துண்டுகளைப் பார்த்தார். பத்தொன்பது இருந்தன, ஓரம் பிசகாமல்.

"நான் அதிகாரம் பண்ணினேன்," என்றார் மெதுவாக. "மிரட்டினேன். சுத்தியலை எடுன்னேன். கடையைப் பிடுங்கிடுவேன்னுகூடச் சொன்னேன்."

"ஆமாங்க ஐயா."

"நீ அசையவே இல்லை."

"இல்லைங்க ஐயா."

முதலாளி நடு நாற்காலியில் போய் உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிதானம் நுரையைத் தடவி, புது பிளேடு போட்டு, ஓரடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, முதல் இழுப்பு இழுத்தார்.

"மேல்மாடிக்காரங்களை நாளைக்கு ஒவ்வொருத்தரா இங்கே அனுப்பறேன்," என்றார் முதலாளி. "தாழ்ப்பாளுக்கும் ஆள் வரும். நான் பேசறது கண்ணாடியில தெரியுதுல்ல?"

"நல்லாத் தெரியுதுங்க ஐயா," என்றார் நிதானம். "வாயை அசைக்காதீங்க."